ஃபிட்னஸ் பட்டையின் தரவைக் கிடங்கில் சேர்ப்பது ஒரு மணி நேர வேலைதானா?

2025 பிப்ரவரி 9, காலை

வந்த கேள்வி இது: “ஃபிட்பிட் பட்டைக்கு ஏபிஐ, அதாவது நிரல் வழியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வழி, இருக்கிறது. பல மூலங்களின் தரவை ஓரிடத்துக்குக் கொண்டுவரும் ஏர்பைட் போன்ற தரவு ஒருங்கிணைப்புத் தளங்களில் இணைப்பானை நாமே அமைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அனுமதியை வாங்கி, முகவரியைக் கொடுத்து, நாளுக்கொரு முறை ஓடவிட்டால் அடிக்கணக்கும் இதயத்துடிப்பும் தூக்கமும் தரவுக் கிடங்கில் சேர்ந்துவிடும். ஒரு மணி நேர வேலை. இதற்கு எதற்கு இத்தனை பேச்சு?”

முதல் நாள் தரவைக் கண்ணால் பார்க்க ஒரு மணி நேரம் போதும். பேச்செல்லாம் அதற்குப் பிறகு வருவதைப் பற்றியது. பெரும்பாலான ஒருங்கிணைப்புத் தளங்கள் ஒரு கர்சரை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. எந்தத் தேதிவரை எடுத்தாயிற்று என்பதைக் குறித்துவைத்து, அடுத்த ஓட்டத்தில் அதற்குப் பிந்தியதை மட்டும் கேட்கின்றன. கடந்துபோன தேதியின் வரிசை இனி மாறாது என்ற நம்பிக்கை அதற்குள் பொதிந்திருக்கிறது. கையில் கட்டும் பட்டையைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லை.

2025 பிப்ரவரி 9, மாலை

ஏன் இடமில்லை என்று கேட்டிருக்கிறார்கள். தரவு வரும் வழியைப் பார்த்தால் விளங்கும். பட்டையிலுள்ள முடுக்கமானி அடிகளை எண்ணுகிறது. பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சித் திரும்பி வருவதை அளக்கும் உணரி துடிப்பைக் கணிக்கிறது. இவை பட்டையின் நினைவகத்தில் தங்கி, கைப்பேசி அருகில் இருந்து செயலியும் இயங்கும்போது ப்ளூடூத் வழியாகக் கைப்பேசிக்கும், அங்கிருந்து நிறுவனத்தின் சர்வருக்கும் போகின்றன. நமக்குக் கிடைப்பது அந்தச் சர்வரில் இருப்பது மட்டுமே. அணிந்திருப்பவர் சில நாள் செயலியைத் திறக்கவில்லை, ப்ளூடூத்தை அணைத்துவைத்திருக்கிறார், கைப்பேசியை மாற்றிவிட்டார் என்றால் அந்த நாள்களுக்கு ஏபிஐ தருவது பிழையல்ல. மிகச் சாதுவான பூஜ்யம் ஒன்றைத் தருகிறது. தளம் அதை மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டு கர்சரை நகர்த்திவிடுகிறது. பிறகு பட்டை தன்னிடமிருந்ததையெல்லாம் கொட்டும்போது அதைக் கேட்க ஆளில்லை.

நான் பார்த்துக்கொண்ட ஒரு தரவுத்தொகுப்பில், ஓயாமல் நடக்கும் ஒருவரின் அடிக்கணக்கு வாரந்தோறும் சனி, ஞாயிறுகளில் மட்டும் பூஜ்யமாக நின்றது. மனிதர் வார இறுதியில் ஓய்வெடுக்கிறார் என்றுதான் அறிக்கையைப் பார்த்தவர்கள் எண்ணினார்கள். அவரோ அலுவலகக் கைப்பேசியில் செயலியை நிறுவியிருந்தார். வெள்ளி மாலை அதை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ஃபிட்பிட் பட்டைகளில் பெரும்பாலானவை நிமிட அளவிலான விவரத்தை 7 நாள்களுக்கும், நாள் மொத்தங்களை 30 நாள்களுக்கும் நினைவில் வைத்திருக்கும். ஆகவே இந்தக் காலத்துக்குள் எந்த நாளும் முடிந்த நாளாகாது. இணைப்பானில் பின்னோக்கு இடைவெளி ஒன்றை வைத்து, ஒவ்வோர் ஓட்டத்திலும் அந்த நாள்களை மறுபடியும் கேட்கச் செய்யுங்கள். ஏர்பைட்டின் இணைப்பான் வரையறையில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. நாள் மொத்தங்களைத் தேதி வரம்பு கொடுத்து ஒரே அழைப்பில் கேட்க முடியும் என்பதால், 30 நாளை மீண்டும் படிக்க ஓர் அளவைக்கு ஓர் அழைப்புதான் செலவாகிறது. இதில் கஞ்சத்தனம் காட்டுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

2025 பிப்ரவரி 10

“இரண்டாம் நாளே 401 வருகிறது” என்ற புலம்பலுக்கு. அனுமதி செல்லாது என்று சர்வர் மறுக்கும் பிழைக்குறி அது.

ஃபிட்பிட் அனுமதி வழங்கப் பயன்படுத்தும் ஓஆத் முறையில், தரவைக் கேட்கும்போது காட்ட வேண்டிய சீட்டான அணுகல் டோக்கன் வழக்கமாக 8 மணி நேரம் செல்லும். அது காலாவதியானதும் புதுப்பிப்பு டோக்கனைக் கொடுத்துப் புதிய அணுகல் டோக்கனை வாங்க வேண்டும். கூடவே புதிய புதுப்பிப்பு டோக்கனும் வரும். பழையது கிழித்த சீட்டைப் போல, மறுமுறை செல்லாது. ஒருங்கிணைப்புத் தளம் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இணைப்பான் பொதுவாக கன்டெய்னர் என்ற தற்காலிக இயங்குவெளிக்குள் பிறந்து, அமைப்பைப் படித்து, வேலையை முடித்து மறைந்துவிடும். ஓட்டத்தின் நடுவில் அது வாங்கிய புதிய டோக்கனைத் தளத்தின் நிரந்தர அமைப்பில் யாராவது எழுதிவைக்காவிட்டால், அடுத்த ஓட்டம் கிழிந்த சீட்டோடுதான் வந்து நிற்கும்.

ஏர்பைட்டின் பைத்தான் தொகுப்பில் ஒருமுறை மட்டுமே செல்லும் புதுப்பிப்பு டோக்கனுக்காகவே ஒரு நிரல் வகுப்பு இருக்கிறது; புதிய டோக்கன் இணை கிடைத்தவுடன் இணைப்பான் ஒரு கட்டுப்பாட்டுச் செய்தியை வெளியிட, தளம் அதைத் தன் அமைப்பில் பதிந்துகொள்கிறது. வேறு தளத்தைப் பயன்படுத்துபவர்கள் தங்கள் தளத்தில் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், டோக்கனைத் தனியாக ஒரு சிறு சேவை காத்துவர, இணைப்பான் ஒவ்வொரு முறையும் நடப்பிலுள்ள அணுகல் டோக்கனை மட்டும் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு இந்த இரண்டாவது வழியே பிடித்திருக்கிறது. டோக்கனை மாற்றும் உரிமை ஒரே இடத்தில் இருக்கும்போது, ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டங்கள் புதுப்பிக்கப் போய் ஒன்றன் டோக்கனை மற்றொன்று செல்லாததாக்கும் வேடிக்கை நடக்காது.

2025 பிப்ரவரி 10, இரவு

சிறு சேர்க்கை. நிமிட அளவிலான விவரம் வேண்டுமென்றால், செயலியைப் பதிவு செய்யும்போது ‘பெர்சனல்’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பதிவு செய்தவர் தம்முடைய சொந்த நிமிடத் தரவைப் படிக்க அது போதும். பிறருடைய நிமிடத் தரவு வேண்டுமானால் தனியே விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். திட்டத்தின் முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

2025 பிப்ரவரி 12

பழைய தரவு முழுவதையும் ஒரே மூச்சில் இழுக்க முயன்று, அழைப்பு வரம்பைத் தாண்டியதற்கான 429 பிழையை வாங்கியவருக்குக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பயனருக்கு மணிக்கு 150 அழைப்புகள் என்பது வரம்பு. நிமிட விவரத்தை ஓர் அழைப்புக்கு ஒரு நாள் வீதம் கேட்டால், ஓராண்டுக்கு அளவை ஒன்றுக்கு 365 அழைப்புகள் ஆகும். அடிகள், துடிப்பு, கலோரி என மூன்று அளவைகளுக்கு 1,095. அதாவது ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். நான்காவதாகத் தொலைவையும் சேர்த்தால் 1,460 அழைப்புகளாகி ஒன்பதே முக்கால் மணி நேரத்தை நெருங்கும். கவனியுங்கள், அணுகல் டோக்கனின் ஆயுள் 8 மணி நேரம். மூன்று அளவைகளோடு சோதித்துப் பார்த்து நிம்மதியடைந்தவர், நான்காவதைச் சேர்த்த அன்று ஓட்டத்தின் நடுவில் 401 வருவதைக் கண்டு குழம்புவது இதனால்தான். ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் டோக்கனைப் புதுப்பிக்கும் இணைப்பான் இதற்கு உதவாது.

429 வந்தால், வரம்பு எத்தனை நொடியில் மீளும் என்பதைப் பதிலின் தலைப்புப் பகுதியிலேயே சொல்கிறார்கள். அதைப் படித்துக் காத்திருக்கும்படி அமையுங்கள். மடங்கு மடங்காகக் காத்திருப்பை நீட்டும் வழக்கமான முறை இங்கே நேரத்தை வீணாக்கும்.

தூக்கப் பதிவுகள் இவ்வளவு படுத்துவதில்லை. ஓர் அழைப்பில் 100 நாள்கள்வரை கேட்கலாம்.

2025 பிப்ரவரி 12, பிற்பகல்

“அண்மைய நாள்கள் முதலில் வர வேண்டும், பழையவை மெதுவாக வரட்டும்” என்பது நியாயமான ஆசை. கர்சரோ பழையதிலிருந்து புதியதை நோக்கித்தான் நகரும். பழைய தரவுக்கு ஓர் இணைப்பு, நடப்புத் தரவுக்கு ஓர் இணைப்பு என்று இரண்டாக வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் சொல்கிறார். வைக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே டோக்கன் இணையைப் பகிர்ந்தால் 10ஆம் தேதிக் குறிப்பில் சொன்ன வேடிக்கை அன்றிரவே அரங்கேறும். டோக்கன் சேவையைத் தனியே வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை பொருந்தும். அப்போதும் மணிக்கு 150 என்ற வரம்பு இரண்டுக்கும் பொது என்பதால், பழைய தரவின் ஓட்டம் மணிக்கு நூறைத் தாண்டாதபடி அதன் வேகத்தைக் கட்டுங்கள்.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. ஃபிட்பிட்டை வாங்கும் வேலையை 2021 ஜனவரியில் முடித்த கூகுள், தன்னுடைய டேக்அவுட் சேவை வழியாகவே பழைய பதிவுகளைக் கோப்புகளாகத் தருகிறது. பழையதை அந்தக் கோப்புகளிலிருந்து ஒருமுறை ஏற்றிவிட்டு, ஏபிஐயை நடப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டால் அழைப்பு வரம்பைப் பற்றிய கவலையே எழாது. ஒரு மாதத்தை மட்டும் இரண்டு வழியிலும் எடுத்து ஒப்பிடுங்கள். நேரக்குறிப்பும் புலங்களின் பெயர்களும் ஒத்துப்போவதைப் பார்த்தபின் மற்றதை ஏற்றுங்கள்.

2025 பிப்ரவரி 13

மாற்றம் நிகழ்ந்ததும் சர்வரே நமக்குச் செய்தி அனுப்பும் வெப்ஹுக் வசதி இருக்கும்போது எதற்காக நாளுக்கொரு முறை போய்க் கேட்க வேண்டும் என்கிறார்கள். ஃபிட்பிட் அப்படி அனுப்பும் அறிவிப்பில் தரவு வராது. யாருடைய கணக்கில், எந்த வகையில், எந்தத் தேதியில் மாற்றம் நிகழ்ந்தது என்பது மட்டும் வரும். அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஐந்து நொடிக்குள் 204 என்று பதிலளித்துவிட்டு, பிறகு நாமே போய்க் கேட்டு எடுக்க வேண்டும். எப்போதும் விழித்திருக்கும் ஒரு சர்வர், அறிவிப்பு உண்மையானதா என்று பார்க்கும் கையொப்பச் சோதனை, வரிசைப்படுத்தல் என்று வேலை பெருகுகிறது. காலை அறிக்கைக்காக இவ்வளவும் தேவையில்லை என்பது என் கருத்து.

2025 பிப்ரவரி 15

நாள் என்றால் எந்த நாள்? நேரக் குழப்பத்தை எழுப்பியவருக்கு நன்றி; இதைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

நிமிட விவரத்தில் வருவது “00:00:00” முதல் “23:59:00” வரையிலான கடிகார நேரம். எந்த நேர மண்டலம் என்பது அந்த வரிசைகளில் இல்லை. பயனரின் சுயவிவரத்தில் நேர மண்டலம் இருக்கிறது, ஆனால் அது இப்போதைய மண்டலம். போன மாதம் வேறு நாட்டில் இருந்தவரின் போன மாத நிமிடங்களை இன்றைய மண்டலத்தைக் கொண்டு உலக நேரத்துக்கு மாற்றினால், அவர் நள்ளிரவில் ஓட்டப்பயிற்சி செய்தவராகிவிடுவார். கோடைக்கால நேரமாற்றம் உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒருநாள் 23 மணி நேரமும் ஒருநாள் 25 மணி நேரமும் கொண்டது என்பதால், ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள் என்று எழுதிவைத்த தரச்சோதனை அந்த நாள்களில் வீணாக எச்சரிக்கை மணி அடிக்கும்.

நான் செய்வது இதுதான். வந்த உள்ளூர் நேரத்தை வந்தபடியே ஒரு புலத்தில் வைக்கிறேன். ஒவ்வோர் ஓட்டத்திலும் சுயவிவரத்தையும் படித்து, அந்த ஓட்டத்தின்போது இருந்த மண்டலத்தைப் பக்கத்தில் எழுதிக்கொள்கிறேன். உலக நேரமாக மாற்றுவதைக் கிடங்கில் தரவு அமர்ந்த பிறகு தனிப் படியாகச் செய்கிறேன். ஏற்றும்போதே மாற்றிவிட்டால், மூலம் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க வழியிருக்காது.

தூக்கத்துக்கு வேறு ஒரு நுணுக்கம் உண்டு. ஞாயிறு இரவு உறங்கித் திங்கள் காலை எழுந்தால், அந்தத் தூக்கம் திங்களின் கணக்கில் சேரும். எழும் தேதியே அதன் தேதி. பகல் தூக்கமும் தனிப் பதிவாக வருவதால் ஒரே தேதிக்கு இரண்டு மூன்று பதிவுகள் இருக்கக்கூடும். தேதியை முதன்மைச் சாவியாக, அதாவது வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் புலமாக வைத்து, இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர் என்ற முறையில் எழுதினால் மதியத் தூக்கம் இரவுத் தூக்கத்தை விழுங்கிவிடும். பதிவு எண்ணைச் சாவியாக வையுங்கள். எது பிரதானத் தூக்கம் என்பதைச் சொல்ல ஒரு புலம் அதிலேயே இருக்கிறது.

2025 பிப்ரவரி 16

அறிக்கையில் சராசரிகள் நம்பும்படியாக இல்லை என்பவருக்கு மூன்று இடங்களைச் சுட்டுகிறேன்.

நாள் மொத்தங்களில் அடிக்கணக்கு எண்ணாக வருவதில்லை, சரமாக வருகிறது: மேற்கோள் குறிகளுக்குள் “8432” என்றிருக்கும். வகையைத் தானே ஊகிக்கும் தளம் அதை எழுத்துப் புலமாக்கிவிடும். அதன் பிறகு வரிசைப்படுத்தினால் 9,000 அடிகள் நடந்த நாள் 10,000 அடிகள் நடந்த நாளுக்கு மேலே போய் உட்காரும்.

ஓய்வுநிலைத் துடிப்பு கணிக்கப்படாத நாளில் அந்தப் புலம் வெறுமையாகக்கூட வருவதில்லை, புலமே வருவதில்லை. சில பதிவுகளைப் பார்த்து அட்டவணையின் வடிவத்தை முடிவு செய்யும் தளம், பட்டையை இரவில் கழற்றிவைப்பவரின் பதிவுகளை முதலில் பார்த்தால், அப்படி ஒரு நெடுவரிசை தேவை என்றே அறியாது. வடிவத்தைக் கையால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, 9ஆம் தேதி சொன்ன பூஜ்யம். நடக்காத நாளும் அணியாத நாளும் அடிக்கணக்கில் ஒரே மாதிரி தெரியும். துடிப்பின் நிமிட விவரத்தை எடுத்துப் பாருங்கள்: அணிந்து அசையாமல் இருந்தால் துடிப்பு இருக்கும், கழற்றிவைத்திருந்தால் அந்த நிமிடங்களே பட்டியலில் இருக்காது. நாளொன்றுக்குத் துடிப்புப் பதிவான நிமிடங்களை எண்ணி ஒரு நெடுவரிசையாக வைத்துக்கொண்டு, பத்து மணி நேரத்துக்குக் குறைந்த நாள்களைச் சராசரியிலிருந்து விலக்குவது என் வழக்கம். பத்து என்பது வேதவாக்கு அல்ல. உங்கள் பயனர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கலோரியை மட்டும் இப்படிச் சோதிக்க முடியாது. உடல் சும்மா இருக்கும்போது செலவிடும் ஆற்றலும் அந்த எண்ணில் சேர்ந்திருப்பதால், பட்டை இழுப்பறையில் கிடந்த நாளிலும் கலோரி எரிந்துகொண்டே இருக்கும்!

2025 பிப்ரவரி 18

வெப்ஹுக்கைப் பற்றி 13ஆம் தேதி எழுதியதை அப்படியே விட மனம் ஒப்பவில்லை. அங்கே விரைவை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டு பேசினேன். தாமதமாக வந்து சேரும் தரவை அளவுகோலாக எடுத்தால் மதிப்பீடு மாறுகிறது. அறிவிப்பில் தரவு இல்லை, தேதிதான் இருக்கிறது என்று அன்று குறையாகச் சொன்னேன். எந்த நாள் மாறியது என்பதுதான் பின்னோக்கு இடைவெளியால் ஒருபோதும் சொல்ல முடியாத செய்தி. இடைவெளி முறையில் நிமிட விவரத்துக்கு ஏழு நாளையும் குருட்டுத்தனமாக மறுபடி படிக்கிறோம்; எட்டாம் நாள் மாறியிருந்தால் தவறவிடுகிறோம். செயலியில் யாராவது இரண்டு மாதத்துக்கு முந்திய உடற்பயிற்சிப் பதிவைக் கையால் சேர்த்தால் எந்த இடைவெளியும் அதைப் பிடிக்காது.

ஆகவே இப்போது நான் பரிந்துரைப்பது இரண்டும் கலந்த முறை. அறிவிப்பைப் பெறும் சிறு சேவை, பயனர், வகை, தேதி ஆகிய மூன்றை மட்டும் ஓர் அட்டவணையில் எழுதிவிட்டு 204 சொல்லிவிடட்டும். ஒருங்கிணைப்புத் தளம் இரவில் ஓடும்போது அந்த அட்டவணையைப் படித்து, அதிலுள்ள தேதிகளை மட்டும் கேட்கட்டும். ஒரே தேதிக்கு அன்று இருபது அறிவிப்பு வந்திருந்தாலும் ஓர் அழைப்புதான். பயனர் எண்ணிக்கை கூடக்கூட இதன் அருமை தெரியும். ஒரே ஒருவருடைய தரவுக்கு, அதாவது உங்களுடைய தரவுக்கு மட்டும் என்றால் 13ஆம் தேதி சொன்னதே இன்றும் போதும்.

2025 பிப்ரவரி 20

ஆப்பிள் கைக்கடிகாரத்தையும் ஆண்ட்ராய்டையும் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இங்கே கட்டமைப்பே வேறு. ஹெல்த்கிட் என்பது 2014இல் ஐஓஎஸ் 8ஓடு வந்த, கைப்பேசிக்குள் இருக்கும் தரவுச் சேமிப்பு. ஒருங்கிணைப்புத் தளம் நேரடியாகப் போய்க் கேட்கக்கூடிய சர்வர் ஏபிஐ அதற்குக் கிடையாது. கைப்பேசியில் இயங்கும் ஒரு செயலி படித்து உங்கள் முகவரிக்கு அனுப்பினால்தான் உண்டு. கைப்பேசி பூட்டியிருக்கும்போது அந்தச் சேமிப்பு மறைகுறியாக்கத்தில் இருப்பதால் நள்ளிரவு ஓட்டம் என்ற திட்டம் பலிக்காது. பயனர் கைப்பேசியைத் திறக்கும் வேளைதான் உங்கள் நேர அட்டவணை. ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்டும் கருவிக்குள் இருப்பதே. செயலிக்கு அனுமதி கிடைத்த நாளுக்கு 30 நாள் முந்தியதுவரைதான் அது இயல்பாகப் படிக்க விடும். கூகுள் ஃபிட்டின் ஏபிஐயை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் அதை மறந்துவிடலாம்; 2024 மே 1 முதல் புதியவர்கள் அதில் பதிவு செய்ய முடியாது.

ஹெல்த்கிட்டில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கைப்பேசியும் கடிகாரமும் ஒரே நடையைத் தனித்தனியே எண்ணுகின்றன. தனி மாதிரிகளை அப்படியே கிடங்கில் ஏற்றிக் கூட்டினால் நடந்த அடிகள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கருவிக்குள்ளேயே புள்ளிவிவர வினவலைப் பயன்படுத்தினால் மூலங்களின் முன்னுரிமையைப் பார்த்து அது ஒன்றாக்கித் தருகிறது. மொத்தத்தை அங்கே கணக்கிட்டு அனுப்புங்கள். மாதிரிகளும் வேண்டுமானால் மூலத்தின் பெயரோடு வேறு அட்டவணையில் வையுங்கள்.

2025 பிப்ரவரி 22

கடைசியாக வந்த கேள்வி: “செயலியில் நான் நீக்கிய தூக்கப் பதிவு கிடங்கில் இன்னும் இருக்கிறதே?”

இருக்கும். நீக்கப்பட்டது என்று ஏபிஐ அறிவிப்பதில்லை. பட்டியலில் அந்தப் பதிவு வராமல் போகும், அவ்வளவே. இருந்தால் மாற்று, இல்லையென்றால் சேர் என்ற முறையால் வராததைக் காண முடியாது. எனவே ஒரு தேதியை மறுபடி படிக்கும்போதெல்லாம், அந்தப் பயனரின் அந்தத் தேதிக்குரிய வரிசைகள் அனைத்தையும் நீக்கிவிட்டு வந்ததை எழுதுங்கள். இரண்டும் ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது நடந்தால் இரண்டும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்றபடி நடக்கட்டும். உங்கள் தளம் இப்படி எழுத விடாவிட்டால், ஒவ்வோர் ஓட்டத்திலும் வந்ததை ஓட்ட எண்ணோடு ஒரு மூல அட்டவணையில் சேர்த்துக்கொண்டே போய், தேதிக்குரிய கடைசி ஓட்டத்தின் வரிசைகளை மட்டும் காட்டும் ஒரு காட்சியை, அதாவது சேமித்துவைத்த வினவலை, அதன்மேல் அமையுங்கள். இதில் இடம் கூடுதலாகச் செலவாகும். ஆனால் ஒரு எண் எப்போது, எதிலிருந்து எதற்கு மாறியது என்று யாரேனும் கேட்டால் காட்டுவதற்குச் சான்று இருக்கும். பயனர் தம் அனுமதியையே திரும்பப் பெற்றால் மட்டும் மூல அட்டவணையிலிருந்தும் அழித்துவிட வேண்டும். அதற்கான அழிப்பு வினவலை முதல் பயனரைச் சேர்க்கும் முன்பே எழுதி, பொய்த்தரவை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.